கன்வேயர் பாகங்களின் பெயர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பராமரிப்பு வேலையில் இருந்தபோதும் சரி, அப்புறம் புதிதாகச் சேர்கிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தபோதும் சரி, என்னிடம் வந்தவை ஒரே சந்தேகங்கள்தான். ஆள் மட்டும்தான் மாறும். ஃபோனில் கேட்பார்கள், ஸ்டோர் கவுண்டரில் கேட்பார்கள், நடு இரவில் டெயில் பக்கம் சேறு அள்ளிக்கொண்டிருக்கும்போதும் கேட்பார்கள். கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே எழுதியிருக்கிறேன். பெரும்பகுதி பெல்ட் கன்வேயரைப் பற்றியது. ரோலர் கன்வேயர் பின்னால் கொஞ்சம் வரும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே ஒரு பாகத்துக்குப் பெயர் அமைவது அது எந்த இடத்தில் இருந்து என்ன வேலை செய்கிறது என்பதை வைத்துத்தான். உருவம் ஒன்றாக இருந்தாலும் இடம் மாறினால் பெயர் மாறிவிடும். கீழே உள்ள குழப்பங்களில் பாதி இதில்தான் தொடங்குகிறது.

கன்வேயர்னா பெல்ட்தானே? ஸ்க்ரூ, செயின் இதையெல்லாம் ஏன் கன்வேயர்னு சொல்றாங்க?

பொருளை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தொடர்ச்சியாக நகர்த்துகிற எந்த எந்திரமும் கன்வேயர்தான். பெல்ட் கன்வேயரில் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் பட்டை நகர்கிறது. ரோலர் கன்வேயரில் உருளைகள் சுழல, பெட்டி நகர்கிறது. செயின் கன்வேயரில் சங்கிலி இழுக்கிறது. ஸ்க்ரூ கன்வேயரில் தொட்டிக்குள் திருகு சுழன்று மாவு, சிமென்ட் போன்றவற்றைத் தள்ளுகிறது. பக்கெட் எலிவேட்டர் செங்குத்தாகத் தூக்குகிறது.

பொருளை இரண்டாகப் பிரித்துக்கொண்டால் எதற்கு எது என்பது பிடிபடும். நிலக்கரி, மணல், தானியம் மாதிரி கொட்டி அனுப்புகிற பொருள் ஒரு வகை. பெட்டி, மூட்டை, தட்டு மாதிரி எண்ணி அனுப்புகிற பொருள் இன்னொரு வகை. இரண்டுக்கும் பாகங்களும் வேறு, பேச்சில் புழங்கும் சொற்களும் வேறு.

ஹெட் எது, டெயில் எது? ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி டிரம்தான் இருக்கு.

பொருள் போகிற திசையைப் பாருங்கள். பொருள் ஏறுகிற பக்கம் டெயில், கொட்டுகிற பக்கம் ஹெட். அங்கே இருக்கும் டிரம்கள் டெயில் புல்லி, ஹெட் புல்லி. பொருளைச் சுமக்கும் மேல் பாதி கேரியிங் சைடு, வெறுமையாகத் திரும்பும் கீழ்ப் பாதி ரிட்டர்ன் சைடு.

மோட்டார் இருக்கும் பக்கம்தான் ஹெட் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அங்கேதான் இருக்கும், ஆனால் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. நீளமான கன்வேயரில் டிரைவ் நடுவில், ரிட்டர்ன் பக்கத்தில் இருக்கலாம். சரிவில் இறங்கும் கன்வேயரில் டெயில் பக்கம் வைப்பதும் உண்டு. மோட்டார் சுற்றுகிற புல்லிக்கு டிரைவ் புல்லி என்று தனிப்பெயர் உண்டு. ஹெட்டே டிரைவாகவும் இருந்தால் ஒரே டிரம்முக்கு இரண்டு பெயர்.

இடது, வலது சண்டையும் இப்படித்தான். டெயிலில் நின்று, பொருள் போகும் திசையில் ஹெட்டைப் பார்த்தால் உங்கள் இடது கைப் பக்கம் இடது. நீங்கள் எந்தப் பக்கம் நின்று ஃபோனில் பேசினாலும் கணக்கு இதுதான்.

புல்லி, ஐட்லர், ரோலர் மூணும் ஒண்ணுதானே? எல்லாம் உருள்றதுதானே?

உருள்வது உண்மைதான். பெல்ட்டைச் சுற்றவைப்பது, திருப்புவது, இழுத்துப் பிடிப்பது புல்லியின் வேலை. அதனால் விட்டம் பெரிது, தண்டு தடிமன். போகிற வழியில் பெல்ட் தொங்கிவிடாமல் தாங்குவது ஐட்லரின் வேலை. ரோலர் என்பது அந்த ஐட்லரில் உள்ள ஒற்றை உருளை. மூன்று ரோலர்களும் அவற்றைப் பிடிக்கும் சட்டமும் சேர்ந்தால் ஒரு ஐட்லர் செட்.

ஆகவே "ஐட்லர் ஒண்ணு அனுப்புங்க" என்றால் சட்டத்தோடு முழு செட் வரும். "ரோலர் ஒண்ணு" என்றால் உருளை மட்டும் வரும். எது வேண்டும் என்று யோசித்துவிட்டுக் கேளுங்கள்.

ஐட்லர்லயே கேரியிங், இம்பாக்ட், ட்ரான்சிஷன்னு ஏன் இத்தனை வகை?

பொருளைச் சுமக்கும் பக்கம் இருப்பது கேரியிங் ஐட்லர். பெரும்பாலும் மூன்று ரோலர். நடுவில் ஒன்று கிடையாக, பக்கத்துக்கு ஒன்று சாய்வாக. பெல்ட் தொட்டி மாதிரி குழிவதால் ட்ரஃபிங் ஐட்லர் என்றும் சொல்வார்கள். பக்க ரோலரின் சாய்வுதான் ட்ரஃப் கோணம். 20, 30, 35, 45 டிகிரி ஆகியவை வழக்கத்தில் உள்ளவை. இந்த ஐட்லர்களுக்கு நடுவே பொதுவாக 1 முதல் 1.5 மீட்டர் இடைவெளி இருக்கும். கீழே வெறும் பெல்ட்தான் என்பதால் ரிட்டர்ன் ஐட்லர் சுமார் 3 மீட்டருக்கு ஒன்று போதும்.

பொருள் விழும் இடத்தில் அடி அதிகம். அங்கே ரப்பர் வளையங்கள் கோத்த இம்பாக்ட் ஐட்லர்களை 300 முதல் 450 மில்லிமீட்டருக்கு ஒன்றாக நெருக்கி வைப்பார்கள்.

ட்ரான்சிஷன் ஐட்லரைத்தான் பலர் தேவையில்லாதது என்று கழற்றிவிடுகிறார்கள். தொட்டியாகக் குழிந்த பெல்ட் ஹெட் புல்லிக்கு வரும்போது தட்டையாக வேண்டும். 35 டிகிரியிலிருந்து ஒரேயடியாகத் தட்டையானால், பெல்ட்டின் ஓரங்கள் நடுப்பகுதியைவிட நீண்ட தூரம் போக வேண்டியிருப்பதால் இழுபட்டு நாளடைவில் கிழியும். நடுவில் 20, 10 டிகிரி ஐட்லர்களை வைத்துப் படிப்படியாக விரிப்பதற்குத்தான் அந்த வகை. பெல்ட்டை நடுவுக்குக் கொண்டுவரும் செல்ஃப் அலைனிங் ஐட்லரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

ரோலர் வாங்க விட்டமும் நீளமும் சொன்னா போதாதா?

போதாது என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பழைய ரோலரை டேப்பால் அளந்து, விட்டம், குழாய் நீளம் இரண்டையும் எழுதி நாற்பது ரோலருக்கு ஆர்டர் கொடுத்தேன். வந்தவை அழகாகத்தான் இருந்தன. ஒன்றுகூடச் சட்டத்தின் வெட்டில் உட்காரவில்லை. தண்டின் முனையில் இரண்டு பக்கமும் சீவியிருக்கும் தட்டையின் அகலத்தை நான் அளக்கவே இல்லை.

சொல்ல வேண்டியவை இவை: குழாயின் வெளிவிட்டம், குழாய் நீளம், தண்டின் மொத்த நீளம், தண்டின் விட்டம், முனைத் தட்டையின் அகலம், ஒரு முனைத் தட்டையிலிருந்து மறுமுனைத் தட்டை வரை உள்ள தூரம், பேரிங் எண். பேரிங் எண் தெரிந்தால் தண்டின் விட்டத்தைச் சரிபார்த்துக்கொள்ளலாம். 6204 என்றால் உள்விட்டம் 20 மி.மீ., 6205, 6305 இரண்டுக்கும் 25 மி.மீ. தேய்ந்த ரோலரின் நடுவில் விட்டத்தை அளக்காதீர்கள், முனைப் பக்கம் அளங்கள். புதிதாக ஸ்டோரில் ஒன்று கிடந்தால் அதை அளப்பது இன்னும் நல்லது.

டிரைவ் புல்லி மேல ரப்பர் ஒட்டியிருக்கே, பெல்ட் தேயாம இருக்கவா?

அந்த ரப்பர் உறைக்குப் பெயர் லேகிங். முக்கிய வேலை பிடிமானம். புல்லிக்கும் பெல்ட்டுக்கும் பல் கிடையாது. உராய்வை நம்பித்தான் மொத்த இழுவையும் நடக்கிறது. கணக்குக்கு, வெறும் இரும்புப் புல்லியின் உராய்வு எண்ணை 0.25 என்றும், ரப்பர் லேகிங் இருந்தால் 0.35 என்றும் எடுப்பது வழக்கம். ஈரமும் சேறும் சேர்ந்தால் இரண்டுமே இறங்கும், இரும்பு ரொம்பவே இறங்கும்.

0.10 தானே என்று நினைக்க வேண்டாம். பெல்ட் புல்லியை 180 டிகிரி சுற்றியிருக்கும்போது, இறுக்கமான பக்கத்தின் (புல்லிக்கு வந்து சேரும் பெல்ட்) இழுவிசை, தளர்ந்த பக்கத்தைப் (புல்லியை விட்டுப் போகும் பெல்ட்) போல எத்தனை மடங்கு வரை போகலாம் என்பதை உராய்வுதான் தீர்மானிக்கிறது. வெறும் இரும்பில் சுமார் 2.2 மடங்கு, லேகிங்கில் 3 மடங்கு. பெல்ட்டை நகர்த்த 20 கிலோநியூட்டன் வேண்டும் என்று வையுங்கள். வழுக்காமல் இருக்க, வெறும் இரும்பில் தளர்ந்த பக்கம் கிட்டத்தட்ட 17 கிலோநியூட்டன் இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். லேகிங் இருந்தால் 10 போதும். இந்த 10 என்ற எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

லேகிங்கில் அம்பு வடிவப் பள்ளம் இருந்தால் அம்பின் முனை சுழலும் திசையைப் பார்க்க வேண்டும். அப்போதுதான் தண்ணீர் ஓரத்துக்கு ஒதுங்கும். புல்லியைத் திருப்பிப் போட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தவர்கள் உண்டு.

ஸ்னப் புல்லி, பெண்ட் புல்லி ரெண்டும் சின்ன டிரம்தான். பேரு மட்டும் ஏன் வேற?

வேலை வேறு என்பதால். பெல்ட் போகும் திசையைத் திருப்பினால் பெண்ட் புல்லி. டிரைவ் புல்லிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, பெல்ட் அதை இன்னும் கொஞ்சம் அதிகமாகச் சுற்றும்படி அழுத்தினால் ஸ்னப் புல்லி. ஸ்டோரில் கிடக்கும்போது அது வெறும் புல்லிதான்.

ஸ்னப் வைத்து 180 டிகிரிச் சுற்றை 210 ஆக்கினால், லேகிங் உள்ள புல்லியில் மேலே சொன்ன 3 மடங்கு 3.6 ஆகிறது. அதே 20 கிலோநியூட்டன் இழுவைக்குத் தளர்ந்த பக்கம் 10-க்குப் பதில் 7.7 கிலோநியூட்டனே போதும். ஒரு சின்ன டிரம்முக்கு இது பெரிய சம்பாத்தியம். ஒரு குறையும் உண்டு: ஸ்னப்பும் பெரும்பாலான பெண்டுகளும் பெல்ட்டின் அழுக்குப் பக்கத்தைத் தொடுகின்றன. பொருள் அவற்றில் அப்பிக்கொள்ளும்.

டேக்-அப்னா பெல்ட்டை டைட் பண்றதுதானே? ஸ்க்ரூ இருந்தா போதுமே, அந்தப் பெரிய எடை எதுக்குத் தொங்குது?

டைட் பண்ணுவதுதான். ஆனால் பெல்ட் ஒரே நீளத்தில் இருப்பதில்லை. சுமை ஏறினால் நீளும், புதிதில் நிரந்தரமாகவும் கொஞ்சம் நீளும், ஸ்டார்ட் ஆகும்போது ஒரு கணம் கூடுதலாக நீளும். ஸ்க்ரூ டேக்-அப் வைத்த இடத்திலேயே நிற்கும். பெல்ட் நீண்டால் இறுக்கம் போய்விடும், யாராவது போய்த் திருக வேண்டும். ஏறத்தாழ 50 மீட்டர் வரையுள்ள கன்வேயருக்கு அது போதும்.

கிராவிட்டி டேக்-அப்பில் ஒரு புல்லி மேலும் கீழும் நகரும்படி இருக்கும். அதில் எடை தொங்கும். பெல்ட் எவ்வளவு நீண்டாலும் எடை இறங்கி அதே இறுக்கத்தைத் தரும். புல்லியின் இரண்டு பக்கமும் பெல்ட் பிடித்திருப்பதால், தொங்குகிற மொத்த எடை பெல்ட்டில் வேண்டிய இழுவிசையைப் போல இரண்டு மடங்கு இருக்க வேண்டும். முந்தைய 10 கிலோநியூட்டனுக்கு 20 கிலோநியூட்டன் எடை, அதாவது சுமார் 2 டன். புல்லி, சட்டம், எடைக்கட்டிகள் எல்லாம் சேர்ந்த கணக்கு இது.

எடை நகர்வதற்கு உள்ள இடம்தான் டேக்-அப் ட்ராவல். துணி அடுக்கு பெல்ட்டுக்குக் கன்வேயர் நீளத்தில் 1.5 முதல் 2 சதவீதம் வரை விடுவார்கள். ஸ்டீல் கார்டு பெல்ட் அவ்வளவு நீளாது, குறைவாகவே போதும்.

பெல்ட்ல '1000 ஈபி 630/4 5+2'ன்னு போட்டிருக்கு. 630-ங்கிறது நீளமா?

இல்லை, வலிமை. 1000 என்பது அகலம், மில்லிமீட்டரில். ஈபி என்பது துணியின் வகை: நீளவாக்கில் பாலியெஸ்டர் நூல், குறுக்குவாக்கில் பாலியமைடு நூல். 630 என்றால் பெல்ட்டின் அகலத்தில் ஒவ்வொரு மில்லிமீட்டரும் 630 நியூட்டன் இழுவையில் அறும். 4 என்பது பிளை, அதாவது துணி அடுக்குகளின் எண்ணிக்கை. 5+2 என்பது மேல் ரப்பர் 5 மி.மீ., கீழ் ரப்பர் 2 மி.மீ. இந்த ரப்பர்களுக்குப் பெயர் கவர். உள்ளே இருக்கும் துணி அடுக்குகள் மொத்தமும் கார்கஸ். இழுவையைத் தாங்குவது கார்கஸ், தேய்மானத்தைத் தாங்குவது கவர். 'எஸ்டி 1000' என்று இருந்தால் துணிக்குப் பதில் எஃகுக் கயிறுகள்.

630 நியூட்டன் வரை இழுக்கலாம் என்று அர்த்தம் இல்லை. துணி பெல்ட்டுக்குப் பத்து மடங்கு பாதுகாப்பு வைப்பது பழைய வழக்கம். அப்படிப் பார்த்தால் மில்லிமீட்டருக்கு 63 நியூட்டன், 1000 மி.மீ. அகலத்துக்கு 63 கிலோநியூட்டன்.

ஹாட் ஜாயின்ட், கோல்ட் ஜாயின்ட், கிளிப் எது நல்லது?

மூன்றுமே பெல்ட்டின் இரண்டு முனைகளைச் சேர்க்கும் வழிகள். ஹாட் ஜாயின்ட்டில் பிளைகளைப் படிக்கட்டு மாதிரி சீவி, இடையே ரப்பர் வைத்து, அழுத்திச் சுமார் 145 டிகிரி செல்சியஸில் வேகவைக்கிறோம், இதுதான் வல்கனைசிங். கோல்ட் ஜாயின்ட்டில் சூட்டுக்குப் பதில் பசை. கிளிப் என்பது உலோகக் கொக்கிகள். அரை மணியில் போட்டு ஓட்டிவிடலாம். ஆனால் பெல்ட்டில் ஒட்டிய அழுக்கை வழிக்கும் ஸ்கிரேப்பர் கத்தியை அது கடிக்கும், இடைவெளியில் தூள் ஒழுகும். அவசரத்துக்குக் கிளிப், நிரந்தரத்துக்கு ஹாட். ஸ்டீல் கார்டு பெல்ட்டுக்கு ஹாட்தான்.

படிக்கட்டு ஜாயின்ட்டில் எவ்வளவு நன்றாக ஒட்டினாலும் ஒரு பிளையின் வலிமை போய்விடும். 4 பிளை பெல்ட்டில் மிஞ்சுவது நான்கில் மூன்று பங்கு. மேலே சொன்ன பத்து மடங்குப் பாதுகாப்பு வீண் பயம் இல்லை என்பதற்கு இது ஒரு காரணம்.

சூட், ஹாப்பர், ஸ்கர்ட்... பொருள் விழுற இடத்துல இருக்கிற தகரமெல்லாம் ஒண்ணுதானே?

தேக்கி வைப்பது ஹாப்பர். வழிகாட்டி இறக்குவது சூட். இறங்கிய பொருள் பெல்ட்டின் வேகத்தைப் பிடிக்கிற வரைக்கும் பக்கவாட்டில் சிதறாமல் நிற்கும் இரண்டு சுவர்கள் ஸ்கர்ட். ஸ்கர்ட்டின் அடியில் பெல்ட்டைத் தொடுகிற ரப்பர் பட்டை ஸ்கர்ட் ரப்பர்.

பழைய பெல்ட்டை வெட்டி ஸ்கர்ட் ரப்பராகப் போடும் பழக்கம் எல்லா இடத்திலும் இருக்கிறது. செய்யாதீர்கள். பழைய பெல்ட்டுக்குள் துணியும் புதைந்த தூளும் இருக்கும். புது பெல்ட்டை அது அரம் மாதிரி அறுக்கும்.

ஹெட்ல ஸ்கிரேப்பர் இருக்கு. அப்புறம் டெயில் பக்கம் V மாதிரி இன்னொண்ணு எதுக்கு?

இரண்டு வகை அழுக்குக்கு இரண்டு கருவி. ஹெட்டில் கொட்டிய பிறகும் பெல்ட்டில் ஒட்டிக்கொண்டு திரும்புவது கேரிபேக். ஹெட்டில் உள்ள ஸ்கிரேப்பர் அதை வழிக்கிறது; முதல் கத்தி பிரைமரி, அதைத் தாண்டி உள்ளது செகண்டரி. டெயிலில் இருப்பது பிளவ். மேலிருந்து சிதறி, திரும்புகிற பெல்ட்டின் உள்பக்கம் விழுந்த கல்லை அது ஒதுக்கித் தள்ளுகிறது. அது இல்லாவிட்டால் கல் டெயில் புல்லிக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் மாட்டிப் பெல்ட்டைக் குத்தும்.

கீழே குவிந்த தூளைப் பார்த்ததும் எல்லாம் ஸ்பில்லேஜ் என்று சொல்லிவிடாதீர்கள். விழும் இடத்தில் சிதறியது ஸ்பில்லேஜ், அதற்கு ஸ்கர்ட்டைப் பாருங்கள். ரிட்டர்ன் ஐட்லர்களின் அடியில் வரிசையாகக் குவிந்திருந்தால் கேரிபேக், அதற்கு ஸ்கிரேப்பரைப் பாருங்கள்.

ஃபீடரும் சின்ன கன்வேயர்தானே?

பார்க்க அப்படித்தான் இருக்கும். கன்வேயர் வந்ததை வந்தபடி கொண்டுபோகும். ஃபீடர் ஹாப்பரின் அடியில் நின்று, எவ்வளவு வெளியே வர வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும். மேலே முழு ஹாப்பரின் பாரம் அழுத்துவதால் மெதுவாக ஓடும், நீளத்துக்குப் பொருந்தாத அளவு பெரிய மோட்டார் இருக்கும்.

ஹோல்ட்பேக் இருந்தா பிரேக் எதுக்கு? ரெண்டும் நிறுத்தறதுதானே?

ஹோல்ட்பேக் நிறுத்தாது, பின்னால் சுழல விடாது, அவ்வளவுதான். மேலேறும் கன்வேயர் பாரத்தோடு கரன்ட் போய் நின்றால் பெல்ட் பின்னோக்கி ஓடி, மொத்தப் பொருளையும் டெயிலில் கொட்டும். அதைத் தடுப்பது ஹோல்ட்பேக். முன்னோக்கி ஓடிக்கொண்டிருப்பதைக் குறித்த நேரத்துக்குள் நிறுத்துவது பிரேக். சரிவில் இறங்கும் கன்வேயரில் பாரமே பெல்ட்டை இழுத்துக்கொண்டு போகும். அங்கே பிரேக் இல்லாமல் முடியாது, ஹோல்ட்பேக்கால் பயனும் இல்லை.

டிரைவ் யூனிட்டில் கேட்கப்படும் இன்னொரு பெயர் ஃப்ளூயிட் கப்ளிங். மோட்டாருக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் எண்ணெய் வழியாகச் சுழற்சியைக் கடத்துவதால், பாரத்தோடு ஸ்டார்ட் செய்தாலும் அதிர்ச்சி குறையும். அதில் ஒரு சின்ன பிளக், அளவுக்கு மீறிச் சூடானால் உருகி எண்ணெயை வெளியே விட்டுவிடும். பிளக் உருகியது என்றால் எங்கோ ஏதோ சிக்கியிருக்கிறது. அந்த இடத்தில் சாதாரண போல்ட்டை முறுக்கி ஓட்டுபவரிடமிருந்து சற்றுத் தள்ளி நில்லுங்கள்.

புல் கார்டை இழுத்துட்டா வேலை பார்க்கலாமா?

கூடாது. புல் கார்டு என்பது கன்வேயர் நெடுகப் போகும் கயிறு. எங்கிருந்து இழுத்தாலும் நிற்கும். அது ஆபத்தில் நிறுத்துவதற்கு. வேலை பார்க்க மின்சாரத்தை மெயினிலேயே துண்டித்து, உங்கள் பூட்டைப் போட்டு, சாவியை உங்கள் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். அப்படியும் எல்லாம் முடிந்துவிடாது. தொங்கும் டேக்-அப் எடையிலும், ஏற்றத்தில் பாரத்தோடு நிற்கும் பெல்ட்டிலும் விசை தேங்கியிருக்கிறது. பெல்ட்டை வெட்டும் முன் எடையைத் தூக்கிக் கட்டி, பெல்ட்டை கிளாம்பால் பிடித்தாக வேண்டும்.

கூட இருக்கும் மற்ற சுவிட்சுகள்: பெல்ட் ஓரம் விலகினால் நிறுத்துவது ஸ்வே சுவிட்ச். மோட்டார் ஓடியும் பெல்ட் நின்றுவிட்டால் அதைக் கண்டுபிடிப்பது ஸீரோ ஸ்பீட் சுவிட்ச். பின்னது டெயில் மாதிரி பெல்ட் இழுத்துச் சுழலும் புல்லியில் இருந்தால்தான் பயன். டிரைவ் புல்லியில் வைத்தால், அது வழுக்கிச் சுற்றும்போதும் எல்லாம் ஒழுங்காக ஓடுவதாகவே காட்டும்.

ரோலர் கன்வேயர்ல பிட்ச், ஸோன், அக்யூமுலேஷன்னு சொல்றாங்களே?

பிட்ச் என்பது ஒரு ரோலரின் மையத்திலிருந்து அடுத்த ரோலரின் மையம் வரை. பெட்டியின் அடியில் எப்போதும் குறைந்தது மூன்று ரோலர்கள் இருக்க வேண்டும் என்பது விதி. மிகச் சிறிய பெட்டி 300 மி.மீ. நீளம் என்றால் பிட்ச் 100-க்கு மேல் போகக் கூடாது. வளைவில் கூம்பு ரோலர் போடுவது வெளிவட்டம் அதிக தூரம் என்பதால். நேர் ரோலர் போட்டால் பெட்டி திரும்பாமல் வெளிப்பக்கம் ஒதுங்கும்.

அக்யூமுலேஷன் என்றால் முன்னால் வழி அடைத்திருக்கும்போது பெட்டிகளைக் கன்வேயரிலேயே காத்திருக்க வைப்பது. சும்மா விட்டால் பின்னால் வருபவை முட்டி முட்டி முதல் பெட்டியை நசுக்கும். அதனால் நீளத்தைத் துண்டுகளாக, அதாவது ஸோன்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் பெட்டி வந்ததை அறியும் ஒரு சென்சார் கண்ணும் ஒரு மோட்டார் ரோலரும் வைக்கிறார்கள். மோட்டார் குழாய்க்குள்ளேயே இருக்கும், பெரும்பாலும் 24 வோல்ட். முன் ஸோன் காலியானால்தான் பின் ஸோன் சுழலும், பெட்டி பெட்டியைத் தொடாது. இதற்குப் பெயர் ஸீரோ பிரஷர் அக்யூமுலேஷன்.

'ஃப்ளைட்' கேட்டா ஆளுக்கு ஒண்ணு காட்டறாங்க. எதுதான் ஃப்ளைட்?

எல்லோரும் சரியாகத்தான் காட்டுகிறார்கள். ஸ்க்ரூ கன்வேயரில் தண்டைச் சுற்றிய திருகுத் தகடு ஃப்ளைட். இழுவைச் சங்கிலி கன்வேயரில் சங்கிலியின் குறுக்கே இருக்கும் கட்டை ஃப்ளைட். ஒன்றன் பின் ஒன்றாகக் கொட்டும் நீண்ட பெல்ட் வரிசையில் ஒவ்வொரு தனி கன்வேயரும் ஒரு ஃப்ளைட். மேற்கு சகாராவின் பூ கிரா சுரங்கத்திலிருந்து கடற்கரைக்குப் பாஸ்பேட் கொண்டுபோகும் கன்வேயர் கிட்டத்தட்ட 98 கிலோமீட்டர் என்பார்கள். அது ஒரே பெல்ட் இல்லை, பல ஃப்ளைட்கள் சேர்ந்தது.

பிட்ச்சும் இப்படியே. ரோலரில் மையத்துக்கு மையம், சங்கிலியில் பின்னுக்குப் பின், திருகில் ஒரு சுற்றுக்கு முன்னேறும் தூரம். எந்தக் கன்வேயர் என்று சொல்லாமல் இந்த இரண்டு சொல்லையும் ஆர்டரில் எழுதாதீர்கள்.

மணிக்கு 400 டன் போகுது. ஸ்பீடு கூட்டினா 600 போகும்தானே?

கணக்குப்படி போகும். பெல்ட் மேல் குவிந்த பொருளின் குறுக்குவெட்டுப் பரப்பு 0.1 சதுர மீட்டர், வேகம் நொடிக்கு 1.5 மீட்டர், பொருள் கன மீட்டருக்கு 0.8 டன் என்றால் மூன்றையும் பெருக்கி 3600-ஆல் பெருக்குங்கள். மணிக்கு 432 டன். வேகத்தை ஒன்றரை மடங்காக்கினால் 648.

ஆனால் மேலிருந்து அவ்வளவு வர வேண்டுமே. ஃபீடர் தருவது 400 என்றால் வேகம் கூட்டியதில் பெல்ட்டில் பொருள் மெலிதாகப் பரவும், அவ்வளவுதான். அதிகமாக வந்தாலும் சூட் அடைக்காதா, மோட்டார் தாங்குமா, ஹெட்டிலிருந்து எகிறும் பொருள் அடுத்த சூட்டின் எதிர்ச்சுவரில் போய் அடிக்காதா என்று பார்க்க வேண்டும். இன்னொன்று: ஓடும் பெல்ட்டின் அதிர்வில் குவியல் சரிந்துவிடும். தரையில் நிற்கும் குவியலின் சரிவுக் கோணத்தைவிட பெல்ட் மேல் நிற்கும் கோணம் 5 முதல் 15 டிகிரி வரை குறைவு. இதற்குப் பெயர் சர்சார்ஜ் கோணம். தரைக் குவியலைப் பார்த்துப் பரப்பைக் கணக்கிட்டால் எண் பெரிதாக வரும்.

பெல்ட் ஒரு பக்கமா ஓடுது. செல்ஃப் அலைனிங் ஐட்லர் போட்டும் சரியாகலை.

முதலில் ஒரு சோதனை. பெல்ட்டில் சாக்பீஸால் குறி போட்டு ஒரு முழுச் சுற்று கவனியுங்கள். பெல்ட்டின் ஒரே துண்டு, போகிற இடமெல்லாம் விலகினால் குற்றம் பெல்ட்டில்: ஜாயின்ட் கோணலாக இருக்கலாம், ஓரம் இழுபட்டிருக்கலாம். எல்லாத் துண்டும் ஒரே இடத்தில் விலகினால் குற்றம் அந்த இடத்தில்: ஐட்லர் கோணல், சுற்றாத ரோலர், அழுக்கு அப்பிய புல்லி, அல்லது பொருள் ஓரமாக விழுவது. முதல் வகைக்கு ஐட்லரைத் தட்டித் தட்டி மாற்றிப் பயனில்லை.

இரண்டாவது வகைக்கு விதி எளிது: ஐட்லரின் எந்த முனையைப் பெல்ட் முதலில் தொடுகிறதோ அந்தப் பக்கம் போகும். பெல்ட் வலது பக்கம் விலகினால் ஐட்லரின் வலது முனையைப் போகும் திசையில் கொஞ்சம் தள்ளுங்கள்; இடது முனை முதலில் தொடும், பெல்ட் இடதுக்குத் திரும்பும். விலகல் கண்ணில் படும் இடத்துக்குச் சில ஐட்லர்கள் முன்னதாகவே காரணம் இருக்கும், அங்கே தொடுங்கள். ஒரு மாற்றம், பிறகு சில சுற்று பொறுமை. அவசரத்தில் பத்து ஐட்லரைத் தட்டினால் எது சரிசெய்தது, எது கெடுத்தது என்று கடைசி வரை தெரியாது.

செல்ஃப் அலைனிங் ஐட்லர் நடுவில் சுழலும் அச்சில் நின்று இதே வேலையைத் தானாகச் செய்கிறது. அச்சில் தூள் அடைத்து இறுகிவிட்டால், அதுவே கோணலாக நிற்கும் இன்னொரு ஐட்லர். போட்டும் சரியாகவில்லை என்றால் முதலில் அதைக் கையால் திருப்பிப் பாருங்கள், கன்வேயரைப் பூட்டிவிட்டு.

மழை வந்தா டிரைவ் புல்லி மட்டும் சுத்துது, பெல்ட் நகரல. டேக்-அப்ல எடை கூட்டிடலாமா?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான், நான் கடைசியில்தான் ஒத்துக்கொள்வேன். எடை கூட்டினால் வழுக்கல் நிற்கலாம். கூடவே பெல்ட் நெடுக இழுவிசை ஏறும். நான்கில் மூன்று பங்கு வலிமையோடு இருக்கும் ஜாயின்ட், புல்லித் தண்டு, பேரிங் எல்லாவற்றுக்கும் அது தினசரிச் சுமை.

முதலில் டேக்-அப் எடை உண்மையிலேயே தொங்குகிறதா என்று போய்ப் பாருங்கள். பெல்ட் நீண்டு, ட்ராவல் தீர்ந்து, எடை தரையில் உட்கார்ந்திருப்பதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். அப்படியிருந்தால் இன்னும் இரண்டு டன் ஏற்றினாலும் பெல்ட்டுக்கு ஒன்றும் போய்ச் சேராது. பெல்ட்டை வெட்டிக் குறைத்து மறுபடி ஒட்ட வேண்டும். தொங்குகிறது என்றால் வழிகாட்டிக் கம்பிகளில் சிக்காமல் ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். அடுத்து லேகிங்: பள்ளங்கள் தேய்ந்து மழுங்கியிருந்தால் மழைநீர் ஒதுங்க வழியில்லை. அடுத்து உள்பக்கம்: டெயில் பிளவ் ஒழுங்காக இல்லாததால் ஈரத் தூள் உள்ளே புகுந்து டிரைவ் புல்லியில் பூசிக்கொள்ளலாம். சூட் அடைத்து பாரம் கூடியிருக்கலாம். இவ்வளவும் சரியாக இருந்தும் வழுக்கினால், 180 டிகிரியில் ஓடுகிறதென்றால் ஒரு ஸ்னப் புல்லி வைக்க இடமிருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் முடியாதபோது எடை. அப்போதும் பெல்ட் மேல் எழுதியிருக்கும் எண்ணை வைத்துக் கணக்குப் போட்டுவிட்டு.